கொக்கியை விடும் உரிமை

2024 ஆகஸ்ட் 31 அன்று கேதார்நாத்தில் எடுத்த வீடியோவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்த ஆண்டு மே மாதம் அவசரமாகத் தரையிறங்கிச் சேதமடைந்து அங்கேயே கிடந்த ஒரு சின்ன ஹெலிகாப்டரை, எம்ஐ-17 ரகப் பெரிய ஹெலிகாப்டர் ஒன்று வயிற்றுக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு கௌச்சருக்குக் கிளம்பியது. கொஞ்ச தூரம் போவதற்குள், தொங்கிய சுமையின் எடையும் மலைக்காற்றும் சேர்ந்து தூக்கிய ஹெலிகாப்டரையே நிலைகுலைய வைத்தன. அடுத்த சில நொடிகளில் சுமை தனியே பிரிந்து மந்தாகினிப் பள்ளத்தாக்கில் விழுந்தது. கீழே ஆள் இல்லை. யாருக்கும் காயமில்லை.

அன்று முழுக்க அந்த வீடியோ என் போனுக்கு வந்துகொண்டே இருந்தது. "எப்படிண்ணே கழண்டு விழுந்துச்சு?" என்று கேட்ட ஒவ்வொரு தம்பிக்கும் ஒரே பதிலைத்தான் எழுதினேன்: "கழண்டு விழல தம்பி, பைலட் விட்டிருக்கார்." ஆபத்தை உணர்ந்து, ஆளில்லாத இடம் பார்த்து விமானி சுமையை விடுவித்தார் என்றுதான் அதிகாரிகளும் சொன்னார்கள். ஆனால் பார்த்தவர்கள் மனதில் தங்கியது விழுந்த காட்சி மட்டுமே. ஒரு விபத்தைப் பார்த்தோம் என்று நினைத்தார்கள். நான் பார்த்தது ஒரு விபத்து தவிர்க்கப்பட்டதை. இந்த இரண்டு பார்வைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் எங்கள் தொழிலில் ஆட்கள் சாகிறார்கள். அதைப் பற்றி எழுதவேண்டும் என்று பல காலமாக நினைத்திருந்தேன்.

தாம்பரத்தில் பயிற்சி முடித்து, விமானப்படையில் எம்ஐ-8, எம்ஐ-17 ஹெலிகாப்டர்களில் ஃப்ளைட் இன்ஜினியராக இருந்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு இமயமலைப் பக்கம் கட்டுமானத் தளங்களுக்குச் சாமான் ஏற்றும் தனியார் ஹெலிகாப்டர்களின் தரைக்குழுவில் வேலை பார்த்தேன். மேலிருந்தும் கீழிருந்தும் அந்தக் கொக்கியைப் பார்த்திருக்கிறேன்.

வெளிச்சுமை ஏற்றுவதில் அடிப்படைச் சிக்கல் ஒன்று உண்டு. ஓட்டுகிறவருக்குச் சுமை தெரியாது. எம்ஐ-17இல் பைலட் முன்னால் உட்கார்ந்திருக்க, சுமை அவர் முதுகுக்குப் பின்னால், ஹெலிகாப்டரின் தளத்துக்கும் கீழே தொங்குகிறது. சாமான் அறையின் தளத்தில் உள்ள திறப்பின் ஓரம் ஃப்ளைட் இன்ஜினியர் குப்புறப் படுத்துக்கொண்டு, பெல்ட்டில் தன்னைக் கட்டிக்கொண்டு, இன்டர்காமில் பேசிக்கொண்டே இருக்கவேண்டும். "முன்னே இரண்டு... ஒன்று... ஸ்டெடி... கொக்கி மாட்டியாச்சு, ஆள் வெளியே... கயிறு இறுகுது... லோட் தரையை விட்டாச்சு, அரை மீட்டர், ஒரு மீட்டர்." பைலட்டின் கை அந்தக் குரலைத்தான் பின்தொடர்கிறது. குரல் ஒரு நொடி நின்றாலும் அவர் குருடர். அதனால் சொல்ல ஒன்றுமில்லாத நேரத்திலும் "ஸ்டெடி, ஸ்டெடி" என்று சொல்லிக்கொண்டே இருக்கப் பழக்குவார்கள். சின்ன ஹெலிகாப்டர்களில் பைலட்டே கதவு வழியாகத் தலையை வெளியே நீட்டி, முப்பது மீட்டர் கயிற்றின் நுனியைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவார். அப்போது சுமை தெரியும், காக்பிட்டின் அளவுக்கருவிகள் தெரியாது. அமெரிக்காவின் கே-மேக்ஸ் போன்ற சுமை தூக்குவதற்கென்றே செய்த ஹெலிகாப்டர்களில் ஜன்னலையே வெளியே புடைக்க வைத்திருக்கிறார்கள். ஸ்கைகிரேனில் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து ஓட்ட ஒரு தனி இருக்கையே உண்டு. இவ்வளவு செய்தும், சுமையைப் பற்றிய முழு உண்மை ஓட்டுகிறவரிடம் இருப்பதில்லை. கட்டியவனிடம் கொஞ்சம், படுத்துப் பார்க்கிறவனிடம் கொஞ்சம், தூரத்தில் வாக்கிடாக்கியோடு நிற்கிறவனிடம் கொஞ்சம் என்று பிரிந்து கிடக்கிறது.

எடையையே எடுத்துக்கொள்ளுங்கள். தளத்தில் கம்பி ஏற்றுகிறோம் என்றால் எடைமேடை கிடையாது. சைட் இன்ஜினியர்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு: கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். 12 எம்எம் கம்பி 12 மீட்டர் நீளத்துக்குப் பத்தே முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. ஐம்பது கம்பிக் கட்டு 533 கிலோ. அதே கட்டு 16 எம்எம் கம்பியாக இருந்தால் 948 கிலோ. மடித்துக் கட்டிச் சேறு பூசிக் கிடக்கும் கட்டைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. கட்டுகிற ஆள் எண்ணிக்கையைச் சரியாகத்தான் எழுதுவார். விட்டத்தை யாரோ சொன்னபடி எழுதுவார். அந்தச் சீட்டு கைமாறிக் கைமாறிப் பைலட்டிடம் வரும்போது 533 என்பது உறுதியான எண்ணாகிவிடுகிறது.

சமவெளியில் இந்தத் தவறு எஞ்சினுக்குக் கொஞ்சம் சிரமம் கொடுத்ததோடு போய்விடலாம். மலையில் போகாது. எம்ஐ-17 வி5 வெளியே 4,500 கிலோ வரை தூக்கலாம் என்று ஏட்டில் இருக்கும். அது எல்லா உயரத்துக்கும் எல்லா வெப்பத்துக்குமான எண் அல்ல. கேதார்நாத் சுமார் 3,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் எழுபது சதவீதம்தான். காலை எட்டு மணிக்குத் தூக்கிய சுமையை, வெயில் ஏறிய பதினொரு மணிக்கு அதே ஹெலிகாப்டரால் தூக்கமுடியாமல் போகும். சுமையும் மாறவில்லை, ஹெலிகாப்டரும் மாறவில்லை. ஆனால் "காலையில தூக்கினீங்களே சார்" என்று தளத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். முந்தைய வெற்றியைப் போல மனிதனை ஏமாற்றுவது வேறில்லை. இதே கேதார்நாத்திலிருந்து 2019 அக்டோபரில், விழுந்து கிடந்த ஒரு தனியார் ஹெலிகாப்டரை விமானப்படை எம்ஐ-17 வி5 இதே முறையில் தூக்கி, டேராடூன் பக்கத்திலுள்ள சகஸ்ரதாராவில் பத்திரமாக இறக்கியது. அது நடந்தது என்பதற்காக 2024இலும் நடந்தாகவேண்டும் என்று காற்றுக்குக் கட்டாயமில்லை. கொக்கிக்கும் கயிற்றுக்கும் நடுவே ஒரு லோட் செல் மாட்டினால் தூக்கிய முதல் நொடியிலேயே உண்மையான எடை காக்பிட்டில் தெரிந்துவிடும். அதைச் செலவு என்று சொல்லித் தள்ளிப்போடும் முதலாளிகளை நான் கண்டிருக்கிறேன். எனக்கு இன்றுவரை அது விளங்கவில்லை.

தரையில் கொக்கி மாட்டும் ஆளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. தலைக்கு மேலே சில மீட்டரில் பல டன் எடையுள்ள இயந்திரம் நிற்கும். இறக்கைக் காற்று மணலையும் சிறு கற்களையும் வாரி அடிக்கும். தாடைக்குக் கீழே வார் இறுக்காத ஹெல்மெட் பறந்துபோகும். பறந்தது ரோட்டாருக்குள் போனால் அது வேறு கதை. நின்ற இடத்திலேயே பறக்கும் ஹெலிகாப்டரில் மின்னேற்றம் சேரும். உலர்ந்த பனித்தூளிலும் புழுதியிலும் இன்னும் அதிகம். வெறுங்கையால் கொக்கியைத் தொட்டால் ஆளைத் தூக்கிப் போடும். அதனால் மண்ணில் அறைந்த முளையோடு செம்புக்கம்பியால் இணைத்த, மின் கடத்தாத பிடியுள்ள ஒரு கோலால் முதலில் கொக்கியைத் தொட்டு மின்னேற்றத்தை மண்ணில் இறக்கிவிட்டு, கோலை எடுக்காமலே வளையத்தை மாட்டவேண்டும். கோலை எடுத்துவிட்டால் சில நொடிகளில் திரும்பவும் ஏறிவிடும். மாட்டியதும் எந்தப் பக்கம் ஓடுவது என்பதை ஹெலிகாப்டர் வருவதற்கு முன்பே பைலட்டோடு பேசி முடிவு செய்திருக்கவேண்டும். எஞ்சின் நின்றால் அவர் ஒரு பக்கம் போவார், நாம் எதிர்ப் பக்கம் போகவேண்டும். சுமைக்கும் பாறைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்கக்கூடாது.

என்னோடு நேபாளத்துப் பையன்கள் பலர் வேலை பார்த்தார்கள். என்னை 'தாஜு', அதாவது அண்ணன், என்பார்கள். அவர்களுக்கு நான் முதல் நாள் கற்றுக்கொடுப்பது மாட்டுவதை அல்ல, கழற்றுவதை. கொக்கியின் பக்கவாட்டில் உள்ள கைப்பிடியை இழுத்து, சுமையில்லாமலும் சுமையோடும் அது திறக்கிறதா என்று பார்க்கவேண்டும். பைலட் தன் ஸ்டிக்கில் உள்ள பொத்தானை அழுத்தி மின்சாரத்தில் ஒரு தடவை, மின்சாரம் போனால் இழுக்கும் இயந்திரப் பிடியில் ஒரு தடவை திறந்து காட்டவேண்டும். மூன்றும் திறந்தால்தான் அன்றைய வேலை தொடங்கும். கயிறு ஹெலிகாப்டரின் ஸ்கிட்டுக்கு, அதாவது தரையிறங்கும் காலுக்கு, மேலாகப் போகிறதா என்று கண்ணால் பார்க்கவேண்டும். அப்படிப் போயிருந்தால் தூக்கும்போது ஹெலிகாப்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து புரண்டுவிடும். அப்போது யோசிக்க நேரம் இருக்காது.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். தொங்கும் சுமை ஆடத்தான் செய்யும். கயிறு 5 மீட்டர் என்றால் ஒரு முழு ஆட்டத்துக்கு நாலரை நொடி. 30 மீட்டர் என்றால் பதினொரு நொடி. பைலட் அதை உணர்ந்து ஸ்டிக்கை அசைத்து, அது ஹெலிகாப்டரில் பிடித்து, கயிறு வழியே கீழே போய்ச் சேர்வதற்குள் சுமை மறுபக்கம் திரும்பியிருக்கும். ஊஞ்சல் திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளிவிடுவதைப் போல, நிறுத்தப்போன கை ஆட்டத்தை வளர்த்துவிடும். தகரக் கட்டு, பிளைவுட், காலித் தண்ணீர்த் தொட்டி, கதவு போன்ற எடை குறைந்து பரப்பு அதிகமான சாமான்கள்தாம் மோசம். அவை தொங்குவதில்லை, பறக்கும். கான்கிரீட் வாளியைக் கண்டு பயந்ததைவிடக் காலி சின்டெக்ஸ் தொட்டியைக் கண்டு நான் அதிகம் பயந்திருக்கிறேன். சுமையை இறக்கிவிட்டு வெறுங்கயிற்றோடு திரும்புவது அதைவிட ஆபத்து. நுனியில் கனம் இல்லாத கயிறு வேகத்தில் பின்னால் எழும்பி வால் ரோட்டாரை எட்டிவிடும். வேலை முடிந்தது என்று மனம் தளர்ந்து வேகம் கூட்டும் நேரமும் அதுதான்.

ஒரு மலைத்தளத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கூரைத் தகரக் கட்டு ஒன்றை ஏற்றிக்கொண்டு போன பைலட், பள்ளத்தாக்கின் நடுவில் அது சுழன்று ஆடத் தொடங்கியதும் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். மெல்லத் திரும்பிப் பார்த்தார். அடங்கவில்லை. பொத்தானை அழுத்திவிட்டார். தகரம் ஆற்றுப் படுகையில் விழுந்தது. அவர் தரையிறங்கி, ரோட்டார் சுற்றி நிற்பதற்குள்ளேயே ஒப்பந்தக்காரரின் மேலாளர் வந்துவிட்டார். எத்தனை ஷீட், என்ன விலை, சுமந்து கொண்டுவந்த கூலி எவ்வளவு, கூரை போடாமல் பனி விழுந்தால் யார் பொறுப்பு என்று எல்லார் முன்னாலும் கேட்டார். மாலையில் அலுவலகத்திலிருந்து பைலட்டுக்கு விளக்கம் கேட்டு மெயில் வந்தது. அவர் எதுவும் பேசவில்லை. விளக்கம் எழுதி அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அதே தளத்தில் வேறொரு பைலட். வயதில் இளையவர், கெட்டிக்காரர். ஒரு ஜெனரேட்டர் உறை ஆடத் தொடங்கியது. கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் ஆட்டம், இரண்டாவது, மூன்றாவது. ஹெலிகாப்டரின் மூக்கே சுமையோடு சேர்ந்து ஆடியது. "விடு, விடு, விடு" என்று ரேடியோவில் சொன்னேன். விடவில்லை. எப்படியோ ஒரு சரிவுக்கு மேலே போய், சுமையைப் பாறையில் உரசவிட்டு, ஆட்டத்தை அடக்கிக் கொண்டுவந்து இறக்கினார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த மேலாளர் தோளில் தட்டிக்கொடுத்தார். நான் பைலட்டைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏன் சார் விடல?" என்று கேட்டேன். "போன வாரம் நடந்ததைப் பார்த்தேனே சார்" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்குள் பயிற்சி, அனுபவம், விதிமுறை எல்லாம் அடிபட்டுப் போய்விட்டன. அவருக்கு விடத் தெரியாமல் இல்லை. விட்டால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அன்று அவர் விழுந்திருந்தால் அறிக்கையில் 'விமானியின் தவறு' என்று எழுதியிருப்பார்கள். தவறு ஒரு வாரம் முன்பு, ரோட்டார் சுற்றிக்கொண்டிருந்தபோது, விலைப்பட்டியலோடு தரையில் நடந்து வந்தது என்பது எந்த அறிக்கையிலும் வந்திருக்காது.

அமெரிக்காவில் வெளிச்சுமைக்கென்றே 'பகுதி 133' என்ற விதித்தொகுப்பு உண்டு. தரையை விட்டு முழுதாக எழும்பும் சுமை பி வகை. கம்பி இழுப்பதைப்போல ஒரு முனை தரையிலோ தண்ணீரிலோ பட்டபடி போவது சி வகை. இரண்டுக்குமே சட்டம் சொல்லும் இலக்கணத்தில், அந்தச் சுமை விடுவிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது இருக்கிறது. அதாவது, எப்போது வேண்டுமானாலும் உதறிவிடலாம் என்ற நிபந்தனையின் பேரில்தான் அந்தச் சுமையை வானத்தில் ஏற்றவே அனுமதி. நாம் அதைத் தலைகீழாக்கி, கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் நிபந்தனை, விடுவது குற்றம் என்று நடந்துகொள்கிறோம்.

விடுவதற்கு உரிமை இருக்கவேண்டுமானால் விடுவதற்கு இடம் இருக்கவேண்டும். 2005 செப்டம்பர் 5 அன்று ஆஸ்திரியாவின் சோல்டன் மலைப்பகுதியில் கட்டுமானத்துக்குக் கான்கிரீட் ஏற்றிப்போன ஹெலிகாப்டரிலிருந்து சுமார் 750 கிலோ எடையுள்ள சுமை பிரிந்து, கீழே ஓடிக்கொண்டிருந்த கேபிள் கார் மேல் விழுந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த ஒன்பது பேர் இறந்தார்கள். அதில் ஆறு பேர் பிள்ளைகள். கொக்கி ஏன் திறந்தது என்பது ஒரு கேள்வி. பல ஹெலிகாப்டர்களில் விடுவிக்கும் பொத்தானும் மற்றப் பொத்தான்களும் ஒரே ஸ்டிக்கில், விரல் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு ரகத்தில் பழகிய கை இன்னொரு ரகத்தில் வேறு பொத்தானைத் தேடும். கையோ கருவியோ, ஏதோ ஒன்று என்றாவது பிசகும். எனக்கு முக்கியமான கேள்வி அதற்கு முந்தையது: கேபிள் கார் ஆட்களோடு ஓடும்போது சுமையின் பாதை ஏன் அதன் மேலே போனது? கொக்கி எந்த நொடியும் திறக்கலாம் என்று எடுத்துக்கொண்டு பாதை போட்டிருந்தால், அந்தப் பிசகில் வீணாகியிருப்பது ஒரு வாளிக் கான்கிரீட் மட்டுமே. கேதார்நாத்தில் கீழே ஆளில்லாத பள்ளம் இருந்தது. அதனால் விடமுடிந்தது.

விடவே முடியாத நிலையும் வரும். அதற்கு 1975 மார்ச்சில் டொராண்டோவில் நடந்ததைத்தான் நான் பையன்களுக்குச் சொல்வேன். 553 மீட்டர் சி.என். கோபுரத்தின் உச்சியில் ஆன்டெனா பொருத்த 'ஓல்கா' என்று பெயரிட்ட ஸ்கைகிரேன் ஹெலிகாப்டரை வரவழைத்திருந்தார்கள். முதல் வேலை, கோபுரத்தின் மேலிருந்த கிரேனைத் துண்டு துண்டாகக் கழற்றி இறக்குவது. கிரேனைப் பிடித்துத் தூக்கும்போது அது சற்றுத் திரும்பி, பிடித்திருந்த போல்ட்டுகளை முறுக்கி இறுக்கிவிட்டது. ஹெலிகாப்டர் கோபுரத்தோடு கட்டுண்டு வானத்தில் நின்றது. அப்படியே கொக்கியை விட்டால் கிரேன் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லமுடியாது. இரும்புத் தொழிலாளர்கள் அந்த உயரத்தில், ரோட்டார் காற்றுக்குக் கீழே நின்று போல்ட்டுகளை எரித்து அறுத்தார்கள். ஓல்கா இறங்கியபோது மிச்சமிருந்தது பதினான்கு நிமிட எரிபொருள். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்யும் ஒரு காரியம், அதிகச் சுமை தூக்குவதற்காக எரிபொருளைக் குறைத்துப் போடுவது. கணக்குப்படி அது சரிதான். எல்லாம் கணக்குப்படி நடக்கும் நாட்களில் மட்டும் சரி. "இன்னும் ஒரே ஒரு லோடு" என்று மாலையில் யாராவது கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பதினான்கு நிமிடம்தான் நினைவுக்கு வரும்.

தண்ணீர் ஏற்றும் வேலையில் மட்டும் சுமையை விடுவதில் உள்ள தயக்கத்தை நான் கண்டதில்லை. 2024 மார்ச்சில் குன்னூர் காட்டுத்தீயின்போது சூலூரிலிருந்து வந்த எம்ஐ-17 வி5 பாம்பி பக்கெட்டில் தண்ணீர் ஊற்றியதை நீலகிரிக்காரர்கள் நேரில் பார்த்திருப்பார்கள். அதுவும் தொங்கும் சுமைதான். புகைக்கும் மலைக்காற்றுக்கும் நடுவில் செய்கிற கடினமான வேலை. ஆனால் சிறிது சிரமம் என்றாலும் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். தண்ணீருக்கு விலைச்சீட்டு இல்லை. அதே கை, அதே பொத்தான் வரிசை, ஆனால் முடிவெடுக்கும் வேகத்தில் அவ்வளவு வித்தியாசம். திறமையில் குறை தேடுகிறவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

நான் கடைசியாக வேலை பார்த்த இடத்தில் சண்டை போட்டு ஒரு தாளை மாற்றவைத்தேன். பழைய தாளில் 'சுமை இழப்பு' என்பது விபத்துக்கான பகுதியில், விமானியின் பெயருக்கு நேரே இருந்தது. புதிய தாளை வேலை தொடங்கும் முன்பு, காலையில் நிரப்பவேண்டும். எடையை யார், எப்படிக் கணக்கிட்டார், பாதை எது, பாதையில் வீடு, வழி, ஆட்கள் உண்டா, சுமையை விட நேர்ந்தால் எந்தெந்த இடங்களில் விடலாம், 'விடு' என்று சொல்லும் அதிகாரம் யார் யாருக்கு. அந்தக் கடைசிக் கேள்விக்குக் கொக்கி மாட்டும் பையனின் பெயரையும் எழுதுவோம். அவன் சொன்னாலும் பைலட் விடலாம். அடியில் சாமானின் உடைமையாளர், விமானி தன் முடிவுப்படி சுமையை விடுவித்தால் அவரிடம் விளக்கமோ பணமோ கேட்கமாட்டேன் என்று கையெழுத்துப் போடவேண்டும். நஷ்டத்துக்குக் காப்பீடு எடுத்துக்கொள்வது அவர் பாடு.

சிலர் முணுமுணுத்துக்கொண்டே போட்டார்கள். இரண்டொருவர் போட மறுத்தார்கள். மறுத்தவர்களின் சாமான் கழுதைப் பாதையில் ஏறிப் போயிற்று. நாங்கள் எஞ்சினைப் போடவில்லை.